பலகையில் எழுதிய விலை: கேரளத்து அரிசியும் விலைக் கட்டுப்பாட்டின் எல்லைகளும்

திருவனந்தபுரத்தில் மாநில அரசின் மாவேலிக் கடை ஒன்றுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது விலைப்பலகை. 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்தப் பலகையில் துவரம்பருப்பின் மானிய விலை கிலோ 65 ரூபாய். 2016இலிருந்து மாறாத விலை அது. பருப்புதான் பல கடைகளில் இல்லை. அதே நாட்களில் நகரத்தின் சாலைக் கடைத்தெருவில் துவரம்பருப்பு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. விலை இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்தக் காட்சிக்குப் பாடநூலில் ஆயத்தமான விளக்கம் உண்டு. சமநிலை விலைக்குக் கீழே உச்சவரம்பு விதித்தால் தேவை கூடும், அளிப்பு சுருங்கும், இடைவெளி பற்றாக்குறையாகத் தலைகாட்டும். வரிசை நீளும், தரம் தாழும், கள்ளச்சந்தை முளைக்கும். ஆனால் அதே நகரத்தின் ரேஷன் கடைகளில் அறுபது ஆண்டுகளாக அரிசி வெளிச்சந்தையைவிடக் குறைந்த விலைக்கே விற்கப்பட்டு வருகிறது. அங்கே அடுக்கு இப்படிக் காலியாகக் கிடப்பது வழக்கமில்லை. இரண்டு இடத்திலும் விலையைத் தாழ்த்தியது அரசுதான். விளைவு மட்டும் ஏன் இப்படிப் பிரிந்தது?

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே விழும் பள்ளத்தை யார் நிரப்புகிறார்கள், பொருள் எந்த வழியாக வந்து சேர்கிறது, விலை அசைந்தால் அந்த வழியில் அளிப்பு எவ்வளவு அசையும் என்பவற்றை விட்டுவிட்டு, விலைக் கட்டுப்பாடு நல்லதா கெட்டதா என்று விவாதிப்பதில் பயனில்லை என்பதே என் வாதம். சான்றாக எடுத்துக்கொள்வது கேரளத்து அரிசியை. அண்டை நிலத்து நெல்லை நம்பி வாழ்ந்து, ஒரு நாள் அந்த நிலம் வேறு மாநிலமாகிவிடக் கண்ட திருவனந்தபுரத்துக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல.

நெல்லை விட்டு விலகிய நாடு

திருவிதாங்கூர் அரிசிக்குப் பிறரை நம்பத் தொடங்கியது ஊக்குவிப்பின் விளைவு. மண்ணின் குறை அன்று. 1865ஆம் ஆண்டின் ‘பாட்டம் விளம்பரம்’ என்ற அரச அறிவிப்பு சர்க்கார் நிலத்தில் பயிரிட்டவர்களுக்கு அந்த நிலத்தின் மேல் நிலையான உரிமையைத் தந்தது. நாளை பிடுங்கப்படாது என்று உறுதியானால்தான் ஒருவன் மரம் நடுவான். தென்னையும் மிளகும், பின்னர் ரப்பரும் பரவின. ஏற்றுமதிப் பயிர் தந்த காசில் பர்மா அரிசியை வாங்கிச் சாப்பிடுவது கணக்குக்குச் சரியாக வந்தது. தேவையில் பாதிக்கும் குறைவாகவே நெல் விளைந்த அந்த நாட்டின் சமையலறை இரங்கூன் துறைமுகத்தோடு பிணைந்திருந்தது.

1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தபோது அந்தப் பிணைப்பு அறுந்தது. இருக்கும் நெல்லை ஒரே பருவத்தில் இரட்டிப்பாக்க எந்த விலையாலும் முடியாது. குறுங்கால அளிப்பு நெகிழ்ச்சி சுழியை ஒட்டி நிற்கும் இத்தகைய வேளையில் விலை எவ்வளவு ஏறினாலும் புதிதாக ஒரு படி அரிசி பிறப்பதில்லை. இருக்கும் அரிசி யார் வயிற்றுக்குப் போகும் என்பதை மட்டுமே விலை தீர்மானிக்கிறது. சேர்த்தலைப் பகுதிக் கயிற்றுத் தொழிலாளர்கள் அந்தத் தீர்மானத்தில் தோற்றவர்கள். 1943-44ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தையும் ஊட்டக்குறை நோய்களையும் பற்றி இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த கே.ஜி. சிவசாமி முதலானோர் எழுதிய அறிக்கை இன்றும் படிக்கப்பட வேண்டியது. வங்கப் பஞ்சத்தைப் பற்றி எழுதிய நம் பொருளியல் இந்தப் பஞ்சத்தை மறந்தது எனக்கு ஆறாத வருத்தம்.

அந்தக் கொடுமையைச் சற்றேனும் தாங்கியது மரச்சீனிக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதைப் பரப்பியவராகச் சொல்லப்படுகிறார். அரிசிக்கான தேவை நெகிழ்ச்சியற்றது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அரிசிக்கு மாற்றாக வேறொன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் அது அமைகிறது. மேட்டு நிலத்தில், நீரில்லாமல், கொத்திப் புதைத்தால் வளரும் ஒரு கிழங்கு இருந்ததால் திருவிதாங்கூர் ஏழைக்கு அரிசித் தேவை கொஞ்சம் வளைந்து கொடுத்தது. கேரளத்தில் மரச்சீனிப் பரப்பு 1970களின் நடுவில் 3 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது; இன்று ஒரு லட்சத்துக்கும் கீழே. 1963இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் மேலான இரகங்களைத் தந்துகொண்டே இருக்க, பரப்பு மட்டும் சுருங்கியது. அரிசி எளிதில் கிடைத்ததும் கிழங்கு பின்வாங்கியது.

எல்லை வந்தது, கடத்தலும் வந்தது

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மொழியின் நியாயம் அதில் இருந்தது. அரிசிக் கணக்கில் அது திருவனந்தபுரத்துக்குப் பேரிழப்பு. அவற்றில் அடங்கிய நாஞ்சில்நாட்டு வயல் ஒரே நாளில் அயல் மாநிலத்து வயலானது. 1957இல் ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் நான்கையும் சேர்த்துத் தென்மண்டலம் அமைத்து, அதற்குள் அரிசி தடையின்றிப் போகலாம் என்றபோது இழப்பின் வலி தெரியவில்லை. 1964இல் அந்த ஏற்பாடு கலைந்து ஒவ்வொரு மாநிலமும் தனி மண்டலமானதும் தெரிந்தது.

மண்டலம் என்பது சட்டப் புத்தகத்தில் இடப்பெயர்வுக் கட்டுப்பாடு. நடைமுறையில் அதுவும் ஒரு விலைக் கட்டுப்பாடே. மிகுதியாக விளையும் மாநிலத்தில் நெல் விலையை அழுத்தி வைத்து, பற்றாக்குறை மாநிலத்தில் அதை உயர்த்தி விடுகிறது. நடுவே ஒரு சுவர் நிற்கிறது. சுவரின் இரண்டு பக்கத்திலும் இரண்டு விலை இருந்தால், அந்த வேறுபாடே சுவரைத் தாண்டுபவனுக்குக் கூலி. எல்லையோரக் களியக்காவிளையிலும் செங்கோட்டை வழியிலும் வாளையாறிலும் அரிசி கடத்தல் ஒரு வாழ்வாதாரமானது அப்படித்தான். சோதனைச் சாவடிக் காவலரின் ஒழுக்கத்தை மட்டும் நம்பி இதை நிறுத்த முடியும் என்று நினைப்பவர்கள், தலைச்சுமையில் நாலு படி அரிசி கொண்டுபோன பெண்ணுக்கு அந்த நாலு படியின் விலை வேறுபாடு ஒரு நாள் கூலியோடு ஒப்பிடும்படி இருந்ததைக் கணக்கில் கொள்வதில்லை.

அந்த நெருக்கடியில்தான் கேரளத்தின் ரேஷன் முறை பிறந்தது. 1964இன் இறுதியில் அது நடைமுறைக்கு வந்து, 1966இன் கேரள ரேஷன் ஆணையால் உறுதிப்பட்டது. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் உருவாகி, தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்தது. தஞ்சை நெல் தனியார் லாரியில் வரக் கூடாது, அரசு வேகனில் வரலாம் என்றானது.

மாவேலிக் கடையும் ரேஷன் கடையும் பிரியும் இடம் இதுதான். ரேஷன் அரிசி விலை உச்சவரம்பு அன்று. வெளிச்சந்தையில் யாரும் இந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. தன் கிடங்கிலிருந்து தானே கொண்டுவந்த அரிசியை, தான் ஏற்கும் நட்டத்தில், அட்டை ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசே விற்றது. ஒரு குடும்பத்துக்கு மாதம் 40 கிலோ அரிசி வேண்டும், ரேஷனில் 15 கிலோ கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 25 கிலோவை அவர்கள் சாலைத் தெருவில் வாங்குவார்கள். ஒரு கிலோ கூட வாங்கலாமா, கிழங்கோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று அடுக்களையில் எழும் கேள்விக்கு விடை சொல்வது சாலைத் தெரு விலை. ரேஷன் விலை விளிம்பில் நிற்கும் முடிவைத் தொடவில்லை. முதல் 15 கிலோவில் மிச்சமான பணம் வருமானம்போலக் கையில் நின்றது. அரசு அளிப்பின் அளவு முன்கூட்டியே தெரிந்திருந்தது. பள்ளத்தை நிரப்பும் பணத்துக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பு இருந்தது.

விளைவை ஆய்ந்தவர்கள் உண்டு. பொருளியலாளர் கே.என். ராஜ் திருவனந்தபுரத்தின் உள்ளூர்ப் பகுதியில் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையம் 1975இல் ஐக்கிய நாடுகள் அவைக்காகத் தயாரித்த வறுமை பற்றிய ஆய்வு கேரளத்தை உலகின் கவனத்துக்குக் கொண்டு வந்தது. 1979இல் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம் பி.எஸ். ஜார்ஜ், சுப் குமார் ஆகியோரின் இரு அறிக்கைகளைத் தனித்தனியே வெளியிட்டது. குறைந்த வருமானக் குடும்பங்கள் உண்ணும் தானியத்தை ரேஷன் அரிசி கூட்டியதையும், குழந்தைகளின் ஊட்டத்தில் அது தெரிந்ததையும் அவை பதிவு செய்தன. விலையில் கைவைத்தால் கெடுதலே விளையும் என்போர் இந்த அறிக்கைகளை எதிர்கொண்டாக வேண்டும்.

வயல் திரும்பி வரவில்லை

ஆனால் கதையின் மறுபாதியை ரேஷன் முறையின் ஆதரவாளர்களும் தவிர்த்தே வந்திருக்கிறார்கள். மண்டலச் சுவர் நுகர்வோரை வாட்டிய ஆண்டுகளில் கேரளத்து நெல் விவசாயிக்கு அது நிழல். அரிசி விலை ஏறியது. மேட்டையும் கரையையும் வெட்டி வயலாக்கினார்கள். 1974-75இல் நெற்பரப்பு 8.8 லட்சம் ஹெக்டேரை எட்டியது. 1977இல் அரிசிப் போக்குவரத்துத் தடை நீங்கியதும் ஆந்திர அரிசியும் தமிழக அரிசியும் தடையின்றி வந்தன. அதே காலத்தில் வளைகுடாப் பணம் கூலியையும் மனை விலையையும் உயர்த்தியது. நெல்லின் ஒப்பீட்டு விலை சரிந்தது.

அரசு அப்போதும் வெறுங்கையோடு இல்லை. 1967இன் நிலப் பயன்பாட்டு ஆணைப்படி, உணவுப் பயிர் விளைந்த நிலத்தை மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி வேறு பயனுக்கு மாற்றக் கூடாது. 2008இல் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இன்றைய நெற்பரப்பு சுமார் 2 லட்சம் ஹெக்டேர். பரப்பைக் காக்க ஆணை இருந்தது. பயிரிடுபவனுக்கு ஆதாயம் இல்லை. வயலில் வரப்போரமாகத் தென்னங்கன்று நடுபவனைச் சட்டம் எந்த நாளில் பிடிக்கும்? கன்று மரமாகும்வரை அது வயல், மரமானபின் அது தோப்பு.

அளிப்பு நெகிழ்ச்சியைப் பாடநூல் ஒரே எண்ணாக எழுதுகிறது. ஏறும் விலைக்கும் இறங்கும் விலைக்கும் அதே எண் பொருந்தும் என்பது அதன் மறைவான அனுமானம். கேரள நிலம் அப்படி நடந்துகொள்ளவில்லை. நெல் விலை ஏறியபோது பத்து ஆண்டுகள் பாடுபட்டுக் கூடிய பரப்பு, விலை சரிந்தபோது தென்னையாகவும் ரப்பராகவும் வாழையாகவும், கடைசியில் வீடாகவும் மாறியது. வீடு வயலாகாது. அளிப்புக் கோடு ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவாக இருக்கும்போது, விலைக் கொள்கை வகுப்பவர் இரண்டு வகைத் தவறுகளையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. நெல்லுக்கு ஓராண்டு கூடுதலாகக் கொடுத்துவிட்ட பணத்தை அடுத்த ஆண்டு சரிசெய்யலாம். ஓராண்டு குறைவாகக் கொடுத்ததால் போன நிலம் போனதுதான்.

அட்டையைப் பிரித்தபோது

1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று இரண்டாகப் பிரித்தது. 2000 ஏப்ரலில் கோட்டுக்கு மேலுள்ளோர் அட்டைக்கான அரிசியின் மத்திய வழங்கு விலை கிலோ 11 ரூபாய் 80 காசாக உயர்ந்தது. கீழுள்ளோருக்கு அதில் பாதி. ஏழைக்கு மானியம், வசதியுள்ளவருக்கு அடக்க விலை என்பது காகிதத்தில் நியாயமாகவே படுகிறது. ஆனால் ரேஷன் அரிசிக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் சந்தையில் நல்ல அரிசி கிடைக்கும் என்றான பின், அந்த விலையில் ரேஷன் அரிசிக்கான தேவை மிக நெகிழ்ச்சியானது. அதே குடும்பம், அதே அரிசி. முன்பு விலை சற்று ஏறினாலும் வரிசையில் நின்றவர்கள் இப்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெகிழ்ச்சி பொருளின் குணம் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கடைக்காரரின் நிலையையும் பார்க்க வேண்டும். கேரளத்து ரேஷன் கடைகள் பெரும்பாலும் தனியார் உரிமத்தில் நடப்பவை. அன்று அவற்றின் வருமானம் விற்பனையளவை ஒட்டிய கமிஷனாக இருந்தது. வாடகையும் மின் கட்டணமும் அப்படியே நிற்க, விற்பனை சரிந்தது. நேர்மையாக நடத்தினால் நட்டம் என்ற நிலையில் கடையை வைத்துவிட்டு, பின்வாசல் விற்பனையைக் குற்றம் சொல்வது அரை உண்மை. தமிழ்நாடு அட்டையைப் பிரிக்க மறுத்தது. அங்கே கடைகளைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன, ஊழியருக்குச் சம்பளம் உண்டு. மத்திய அரசின் ஒரே கொள்கை இரண்டு மாநிலங்களில் வேறுவிதமாகப் பலித்ததற்கு இந்த ஊக்குவிப்பு வேறுபாடும் காரணம் என்று கருதுகிறேன்.

தமிழ்நாட்டு முறைக்கும் அதற்கே உரிய ஒரு விலை உண்டு. 2011 ஜூனிலிருந்து அங்கே ரேஷன் அரிசி இலவசம். அரிசி வேண்டாத குடும்பமும் வாங்கி வைக்கும். விலை சுழி என்றால் மறுக்கக் காரணம் இல்லை. அந்த அரிசி மாட்டுத் தீவனமாகும், இட்லி மாவாகும், அல்லது களியக்காவிளை தாண்டும். 1964இல் எல்லையில் நின்ற விலைச் சுவர் இன்று வேறு உருவில் நிற்கிறது. குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுப் பிரிவு பிடிக்கும் மூட்டைகளின் செய்தி நாளிதழில் அடிக்கடி வருகிறது. இதனால் எல்லார்க்கும் அரிசி என்ற முறையையே கைவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தகுதியுள்ள ஏழையை விட்டுவிடும் பிழையோடு ஒப்பிட்டால் கசிவு சிறிய பிழை. ஆனால் விரும்பாதவர் அட்டையில் அரிசியை விட்டுச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் வசதி தமிழ்நாட்டிலேயே உண்டு. அதை விரிவாக்குவது சோதனைச் சாவடியைவிடப் பலன் தரும்.

பதின்மூன்று பொருள்கள்

இனி மாவேலிக் கடை. கேரளக் குடிமைப் பொருள் கழகமான சப்ளைகோ 1974இல் தொடங்கியது. 1980இல் உணவு அமைச்சர் இ. சந்திரசேகரன் நாயர் மாவேலிக் கடைகளைக் கொண்டுவந்தார். நோக்கம் நல்லது: ஓணம் நெருங்கும்போது விலையை ஏற்றும் வணிகருக்கு எதிரே அரசே ஒரு கடையைத் திறப்பது. அடுக்கில் சரக்கு இருக்கும்வரை பக்கத்துக் கடைக்காரரும் மாவேலி விலையைப் பார்த்துத்தான் தன் விலையைச் சொல்வார். எழுத்தாளர் ஆ. மாதவனின் கதைகளில் வாழும் சாலைக் கடைத்தெருவை அறிந்தவர்களுக்கு இந்தப் போட்டியின் அருமை விளங்கும். அங்கே விலை என்பது எழுதி வைத்த எண்ணாக இருந்ததில்லை. முகம் பார்த்துச் சொல்லப்படுவது.

2016இல் அமைந்த இடது முன்னணி அரசு, நான்கு வகை அரிசி, பருப்பு, பயறு வகைகள், சர்க்கரை, மிளகாய், மல்லி, தேங்காய் எண்ணெய் ஆகிய 13 பொருள்களின் விலையை ஐந்தாண்டுக்கு ஏற்றமாட்டோம் என்ற தன் வாக்கைக் காத்தது. ஐந்து ஆண்டு ஏறத்தாழ எட்டு ஆண்டானது. இந்த 13இல் பெரும்பாலானவை கேரளத்தில் விளையாதவை. ஜெயா அரிசி ஆந்திரத்திலிருந்து, பருப்பும் மிளகாயும் வெளியிலிருந்து, டெண்டர் வழியாக வணிகரிடம் வாங்கப்படுபவை. கேரளம் அந்தச் சந்தைகளில் ஒரு வாங்குநர் மட்டுமே. ஆந்திரத்து ஆலைக்காரருக்குத் திருவனந்தபுரத்துப் பலகை எந்தக் கட்டளையும் இடாது.

ரேஷனுக்கு இருந்த உணவுக் கழகக் கிடங்கு இங்கே இல்லை. பள்ளத்தை நிரப்ப வேண்டிய மாநிலக் கருவூலம் காலத்தே நிரப்பவில்லை. சப்ளைகோ வழங்குநருக்குப் பாக்கி வைத்தது. பாக்கி சேர்ந்ததும் டெண்டருக்கு ஆள் வருவது குறைந்தது. மாறாத விலைக்கு உரிய செலவு கடைசியில் யார்மேல் விழுந்தது? வரிசையில் நின்று வெறும் பையோடு திரும்பி, அன்றைய சந்தை விலைக்கே பருப்பு வாங்கியவர்மேல். பலகையில் 65 என்றிருந்த நாட்களில் அவர் கொடுத்த உண்மை விலை சந்தை விலையும், அதன் மேல் காத்திருந்த நேரமும்.

2024 பிப்ரவரியில் அரசு முறையை மாற்றியது. நிலையான எண்ணுக்குப் பதிலாக, சந்தை விலையைவிட 35 விழுக்காடு குறைவு. துவரம்பருப்பு 65இலிருந்து 111 ரூபாயானது, சர்க்கரை 22இலிருந்து 27. வணிகரின் பக்கமிருந்து பார்த்தால் இது சரியான திருத்தம். பற்றாக்குறையின் செய்தி விலைக்குள் மீண்டும் நுழைந்தது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. விழுக்காட்டு மானியம் விலை ஏற்றத்தின் 65 விழுக்காட்டை வாங்குபவர்மேல் ஏற்றுகிறது. தேங்காய் எண்ணெய் போல, கேரள அடுக்களையில் மாற்றில்லாத பொருளின் விலை 2025இல் பறந்ததைப்போல் பறக்கும்போது, தேவை வளையாது. குடும்பத்தின் பிற செலவே வளையும். எட்டு ஆண்டு எண்ணை உறைய வைத்ததும், பருப்பு விலையை ஒரே நாளில் எழுபது விழுக்காடு ஏற்றியதும் ஒரே பிழையின் இரண்டு முனைகள். ஆண்டுக்கு ஒருமுறை, நிதிநிலை அறிக்கையோடு சேர்த்து, எவ்வளவு பணம் இருக்கிறதோ அதற்கேற்ற விலையை அறிவித்திருந்தால் இரண்டுமே நேர்ந்திராது.

28 ரூபாய் 20 காசு

உழவர் பக்கத்து விலைப்பலகையையும் படித்தாக வேண்டும். கேரளம் நெல்லுக்கு மத்திய ஆதரவு விலையோடு தன் ஊக்கத்தொகையும் சேர்த்துத் தருகிறது. நாட்டிலேயே இது உயர்ந்த கொள்முதல் விலைகளில் ஒன்று. 2022-23இல் மத்திய விலை கிலோ 20 ரூபாய் 40 காசு, மாநிலப் பங்கு 7 ரூபாய் 80 காசு, சேர்த்து 28.20. அடுத்த ஆண்டு மத்திய விலை 21.83 ஆனது. மாநிலப் பங்கு 6.37ஆகச் சுருங்கியது, சேர்த்து அதே 28.20. 2024-25இல் மத்திய விலை 23, மாநிலம் 5.20, அதே 28.20. மத்திய அரசு ஏற்றிய ஒவ்வொரு காசும் உழவர் கைக்கு வருமுன் மாநிலக் கருவூலத்தின் மிச்சமானது. உரமும் கூலியும் ஏறிய மூன்று ஆண்டுகளில் விலை அசையவில்லை என்றால், உண்மை மதிப்பில் அது இறங்கியது என்றே பொருள்.

அந்தப் பணமும் நெல்லைக் கொடுத்ததும் கிடைப்பதில்லை. நெல் பெற்ற ரசீதைக் காட்டி வங்கியில் கடனாக வாங்கும் முறையில், அரசு வங்கிக்குச் செலுத்தத் தாமதித்தால் உழவர் பெயரில் கடன் நிற்கிறது. ஊக்குவிப்பு என்பது எண்ணின் அளவு மட்டுமன்று. அது வந்து சேரும் நாளும்தான்.

2025 அக்டோபரில் கேரளம் கொள்முதல் விலையை 30 ரூபாயாக உயர்த்தியது. இதற்கு நிலம் எப்படிப் பதிலளிக்கும் என்பதை அடுத்த ஆண்டின் பரப்பை மட்டும் வைத்து அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும். ரப்பர் கன்று பால் தர ஏறத்தாழ ஏழு ஆண்டு. தென்னை அதற்கும் பல மடங்கு காலம் நிற்கும். அந்த மரங்கள் வெட்டப்படும் பருவம்வரை எந்த நெல் விலையும் அந்த நிலத்தை எட்டாது. 30 ரூபாய் பேச முடிவது எஞ்சியிருக்கும் வயலில் தரிசாகக் கிடக்கும் துண்டுகளோடு. அங்கேயும், முந்தைய அறுவடையின் ரசீதுப் பணம் அடுத்த நாற்றங்காலுக்கு முன் கைக்கு வந்ததா என்ற தேதிக் கணக்கோடு சேர்த்தே அந்த விலையின் நெகிழ்ச்சியை அளக்க முடியும்.